மாவிலையாக வேலை பார்த்த லாரல்

காடு காக்கிற உத்தியோகம் என்றால் மரம் நடுகிறது என்றுதான் சனம் நினைக்குது; நான் முக்கால்வாசி நாளும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறன். லண்டனில் சட்டன் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய சின்னக் காடு என் பொறுப்பு. உத்தியோகத்துக்கும் சொந்தச் சனத்துக்கும் நடுவில் நசிபடுகிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பையோடு ஒரு அக்கா

ஒரு காலைமை புதருக்குள் சடசட என்று சத்தம். எட்டிப் பார்த்தால், எங்கள் கோயிலில் மாலை கட்டுகிற புனிதா அக்கா. கையில் பை நிறைய லாரல் இலை. நீளமாக, பளபள என்று, தூரத்தில் பார்த்தால் அசல் மாவிலைதான். லண்டனில் எத்தனையோ நிறைகுடத்தில் மாவிலையாக வேலை பார்க்கிறது இதுதான்.

"அக்கா, இது நஞ்சு" என்றேன், பயந்து விடட்டும் என்று. அவர் இன்னொரு இலையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "கும்பத்திலை வைக்கிறதுதானே தம்பி, ஆர் கடிச்சுத் தின்னப் போயினம்?"

கடைசிப் புதர்

லாரல் யாரோ வீட்டு வேலியில் இருந்து காட்டுக்குள் வந்து பரவினது. அதன் அடியில் வெளிச்சம் விழாது, புளூபெல் என்கிற நீலக் காட்டுப்பூ பூக்காது. குருவிகள் கூடு கட்ட முதல் ஒன்று விடாமல் வெட்டு என்று என் மேலதிகாரி ஜேன் சொல்லிவிட்டார். வெட்டி வெட்டி ஒன்றே ஒன்று மிச்சம். மாடுகள் காட்டுக்குள் வராமல் அந்தக் காலத்தில் வெட்டிப் போட்ட மண்கரை ஒன்று இருக்கிறது. அதன் மேலே அது நின்றது.

அந்தக் கிழமைதான் அக்கா மகளின் கலியாணக் கார்டோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் தவறி மூன்று வருஷம். "இவளின்ரை முதலாம் பிறந்தநாளுக்கு அவர்தான் அந்தக் கரைப் புதரிலை கும்பத்துக்கு இலை பிடுங்கிக்கொண்டு வந்தவர். கலியாணம் வைகாசியிலை, அதுவரைக்கும் அதை விட்டுவையுங்கோ, தம்பி."

நான் எழுதின பொய்

வேரைத் தோண்டாமல் அடியில் அறுத்தால் கரைக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு அது நல்லாத் தெரியும். ஆனாலும், "இதன் வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது, வெட்டினால் சரியும்" என்று அறிக்கை எழுதினேன். பத்து வருஷ சேவையில் முதல் பொய். ஜேன் வாசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கரையில் இவ்வளவு அக்கறை எடுத்தது நீ ஒருவன்தான்."

கலியாண மண்டபம்

வாசல் முழுக்கப் பிளாஸ்டிக் மாவிலை! எனக்குச் சரியான கோபம். என் வேலையை அடகு வைத்துக் காப்பாற்றின புதர் எங்கே? மணவறைக் கும்பத்தில் மட்டும் அஞ்சு லாரல் இலை இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அது அவருக்காக வைச்சது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக். சின்னப்பிள்ளையள் ஓடித் திரியுதுகள், நஞ்சு எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்?"

வாளோடு நான்

குருவிகள் கூட்டை விட்டுப் போகும்வரை பொறுத்திருந்து, இலையுதிர் காலத்தில் மரம் அறுக்கிற வாளோடு போனேன். அறுக்கக் குனிகிறேன், பின்னால் ஜேன் ஓடி வருகிறார். "உனக்கென்ன பைத்தியமா? கரை சரியும் என்று எழுதினதே நீதானே!"

வெட்டின இடமெல்லாம் இப்போது புளூபெல் தலைகாட்டுகிறது. அது பூக்காத ஒரே இடத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வேலி போட்டுப் பார்த்துக்கொள்கிறதும் நான்தான்.