விமானம் குலுங்கணும் சாமி

பேட்டரி இல்லாத பொருளை விற்கப் போகிறவள், தனக்கு மூளை இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு" என்று வாடிக்கையாளர் முன்னால் ஒரு தடவையாவது அசடு வழிந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. ஓசூரில் எங்கள் கம்பெனி விமானத்துக்கு சென்சார் செய்கிறது. தீப்பெட்டி அளவுதான். ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. இன்ஜின் குலுங்குகிற குலுக்கலிலேயே கரண்ட் எடுத்துக்கொண்டு, இன்ஜின் எப்படி இருக்கிறது என்று லேப்டாப்புக்குச் சேதி அனுப்பும்.

கேட்டில் ஒரு கட்டம்

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அதைக் காட்டப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி நீட்டிய படிவத்தில் 'பேட்டரி எத்தனை?' என்று ஒரு கட்டம். பூஜ்யம் என்று எழுதினேன். அப்படியென்றால் இது ஓடாத பொருள், ஸ்கிராப் பாஸ் வேண்டும் என்றார். தொண்டை வறள அரை மணி நேரம் விளக்கினேன். மனுஷன் அசையவில்லை. கடைசியில் அவரே இரக்கப்பட்டு, தன் டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி என் பைக்குள் போட்டு, கட்டத்தில் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

"போறப்ப மறக்காம குடுத்துட்டுப் போங்க மேடம். எனக்கு டார்ச் எரியணும்."

கெலமங்கலம் பஸ்

பள்ளியின் தலைமை இன்ஜினியர் நஞ்சப்பா கறார்ப் பேர்வழி. விமானத்தைத் தரையில் நிறுத்தி இரண்டே தடவை இன்ஜினை ஓட்டிக் காட்டுவேன், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றுவிட்டார். அதில் சேதி வராவிட்டால் சென்சார் பிரிவையே மூடிவிடுவதாக எங்கள் முதலாளி சொன்னார். பிரிவு என்றால் யார்? நானும் ஃபிட்டர் மாதப்பண்ணனும்தான்.

எதற்கும் இருக்கட்டுமென்று கெலமங்கலம் பஸ்ஸில் கடைசி சீட்டுக் கம்பியில் சென்சாரைக் கட்டிப் பார்த்தேன். பள்ளம் இருக்கிறவரை சேதி கொட்டியது. புதிதாகத் தார் போட்ட இடத்தில் ஏறியதும் கப்சிப். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே சொன்னார்:

"ரோடு போட்டா நின்னு போற சாமானை இப்பத்தாம்மா பாக்குறேன்."

கைக்குத் தெரியலை

முதல் ஓட்டம். கூட வந்த மாதப்பண்ணன்தான் சென்சாரை மாட்டினார். இன்ஜின் உறுமுகிறது, லேப்டாப்பில் ஒன்றுமே இல்லை. நஞ்சப்பா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி சென்சாரைக் கழற்றினால், அடியில் அழகாக வட்டமாக வெட்டிய ரப்பர்த் துண்டு!

மாதப்பண்ணன் எங்களிடம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபது வருஷம் பைக் கம்பெனியில், எது கடகடத்தாலும் ரப்பர் வைத்து அடக்குவதே அவர் வேலை. ஆட்டம்தான் இதற்குச் சாப்பாடு என்று நான் தினமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஏன்ணா இப்படிப் பண்ணீங்க என்றேன். பாவம், முகம் சுண்டிவிட்டது.

"எனக்குத் தெரியும் மேடம். கைக்குத்தான் தெரியலை."

இரண்டாவது ஓட்டம்

ரப்பரை எடுத்துவிட்டு, மாதப்பண்ணனைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். குலதெய்வத்தைக் கூப்பிட்டு, விமானம் நன்றாகக் குலுங்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். இன்ஜின் கிளம்பியது. சேதி கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் குதித்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நஞ்சப்பா மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்து, இவ்வளவு ஆடக் கூடாதே என்று இன்ஜினை நிறுத்தி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். இன்ஜினைத் தாங்கும் கம்பியில் முடி அளவு விரிசல். மறுநாள் காலை மாணவர்கள் ஏறிப் பறக்கவேண்டிய விமானம் அது. குதித்த எனக்குக் கூசிப் போனது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு, மற்ற விமானங்களுக்கும் இதையே மாட்டிவிடுங்கள் என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"நிம்ம சென்சார் நல்லா வேலை செய்யுது மேடம். நம்ம விமானம்தான் செய்யலை."

அடுத்தவர் இன்ஜின் குலுங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, குலுங்கியதும் ஐயையோ என்று பதறுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.