கதவிலக்கம் இருபத்தேழில் இரண்டு ஓட்டு

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தத் தடவை ஓட்டுப் போடாவிட்டால் பட்டியலிலிருந்து பேரையே அடித்துவிடுவார்களாம். இஸ்திரிக்காரிதான் சொன்னாள். அவளுக்கு அவள் நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு, "ஊரே பேசுது, உனக்கு மட்டும் தனியா தந்தி வருமா?" என்றாள்.

மடிப்பக்காவின் கை பாதி மடித்த விரிப்போடு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் என்பதால் அந்தப் பேர். நாலு முனையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால் உதறி மறுபடி மடிப்பாள். எதிலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் நாட்டில் தேர்தல் என்றதும் மூன்று கட்சிக் கூட்டத்துக்கும் போய், மூன்று மேடைக்கும் கீழே நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள்: "தோத்துட்டா என்ன பண்ணுவீங்க?" ஒருவர் சிரித்தார். அப்பாவின் கட்சிக்காரர் எரிந்து விழுந்தார். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுக்குப் போவேன்மா" என்றார். அவள் ஓட்டு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பாடெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற தம்பியின் ஓட்டோடுதான். பட்டியல் ஒட்டிய அன்று பார்த்தாள்: கதவிலக்கம் இருபத்தேழு, அவள் பேர், அடுத்த வரியில் அவன் பேர். பதினோரு வருஷமாக ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிடாத இருவரும் அந்தத் தாளில் மட்டும் இன்னும் ஒரே வீட்டில் இருந்தார்கள். விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். "என்னம்மா, மனப்பாடம் பண்றியா?" என்றார் பின்னால் நின்றவர்.

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கூடப்பிறந்தவர் அவருக்குப் பதிலாக ஓட்டுப் போடலாம் என்று விதி. தம்பியின் கடிதம் வந்தது. யாருக்குப் போடுவது என்பதுதான் வரவில்லை. போன் போட்டாள்.

"நீ யாருக்குப் போடுறியோ அதையே எனக்கும் போட்டுடுக்கா."

"உனக்குப் பொண்ணு பாத்தேன். அதுக்கே உன் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் என்னைத் திட்டுறா. இப்ப ஆட்சியும் நானே பாத்துத் தரணுமா?"

சிரித்தான். சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. "சரி, அப்பா கட்சிக்கே போட்டுடு."

"அப்பா சுருட்டு குடிச்சாரு. நீயும் குடிக்கிறியா?"

"அங்க நடக்குறது எனக்கென்னக்கா தெரியும்?"

அந்த 'அங்க' அவளைத் தைத்தது. முன்பெல்லாம் 'நம்ம ஊர்ல' என்றுதான் ஆரம்பிப்பான்.

மூன்று கட்சித் துண்டறிக்கைகளையும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, இருமலோடு வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்பினாள். "கேட்டுட்டுக் காலைல சொல்றேன்க்கா" என்று ஓட்டுக்கு முந்தின நாள் பதில் வந்தது.

காலை போனது; பதில் வரவில்லை. பள்ளிக்கூட வாசல் வரிசையில் நின்று மேசைவரைக்கும் போய்விட்டாள்.

"ரெண்டு ஓட்டுச்சீட்டையும் சேத்துதான் குடுப்போம். உள்ள போன் கூடாது" என்றார் அதிகாரி.

"போடலன்னா பேர அடிச்சிடுவீங்களாமே சார்?"

"அப்படி உத்தரவு எதுவும் இதுவரைக்கும் வரல."

அந்த 'இதுவரைக்கும்' அவளை நம்ப விடவில்லை. ஆனாலும் சீட்டை வாங்காமல் வெளியே வந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு மதில் ஓரமாக நின்றாள்.

மத்தியானம் விரலில் மையோடு வந்த இஸ்திரிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமே, எதுலயாவது குத்திட்டு வா. அவனுக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"பேரு போச்சுன்னா? உன் ஓட்டும்ல சேந்து போகும்?"

மடிப்பக்கா மறுபடி எண்ணை அழுத்தினாள். மூன்று பதிவையும் கேட்டுவிட்டு, அப்பா கட்சிதான் என்று அவன் சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு குத்திவிட்டு வருவாள். ஆனால் அதை அவன் சொல்ல வேண்டும். சொல்லும்போது ஒரே ஒரு தடவை 'நம்ம' என்று வாயில் வந்துவிட்டால் போதும்.

ஐந்து மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். காவலர் இப்போதே ஒரு பக்கத்தைத் தள்ளி மூடினார். "இன்னும் பத்து நிமிஷம்தாம்மா. வர்றீங்களா, இல்லியா?"

"இதோ அண்ணே, ஒரே நிமிஷம்."

ஏழாவது தடவையாக எண்ணை அழுத்தினாள். தெருச் சத்தம் கேட்காதபடி மறு காதைப் பொத்திக்கொண்டாள். கடல் கடந்து எங்கேயோ மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.