பல் பிடுங்க மாட்டேன் என்று சொன்ன நாள்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரியில் பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். அதில் ஒரு நாள்கூட அந்த டாக்டரை எனக்குப் பிடித்ததில்லை.

நான் படித்தது டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம். பல்லில் கல்லாகப் படிந்த காறையை எடுப்பது, ஈறைக் கவனிப்பது, எப்படித் துலக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, இதுதான் எங்கள் வேலை. மரப்பு ஊசியும் பல் பிடுங்குவதும் டாக்டரைச் சேர்ந்தவை. படிப்பு முடிந்தபோது எங்கள் வகுப்பில் பலருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஒருத்தி ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். கடையநல்லூர்க்காரி ஒருத்தி கல்யாணமாகி துபாய்க்குப் போய், அங்கே வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஊரிலேயே வேலை கிடைத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம்.

முதல் நாளே டாக்டர் துடைப்பத்தைக் காட்டினார். "கூட்டுத அம்மா பத்து மணிக்குத்தான் வருவா. அதுவரைக்கும் தூசிக்குள்ளயா உக்காரணும்?" என்றார். கூட்டினேன். மறுநாளும் கூட்டினேன். பிறகு அந்த அம்மா நின்றுவிட்டார், அது என் வேலையாகவே ஆகிவிட்டது. டோக்கன் கூப்பிடுவது, டீ வாங்கி வருவது, டாக்டர் மகளின் பள்ளிக்கூட நோட்டில் படம் ஒட்டுவது எல்லாம் சேர்ந்துகொண்டன. நடுவில் தினமும் ஐந்தாறு பேருக்குப் பல் சுத்தம் செய்வேன். முடித்ததும் அவர் வந்து வாய்க்குள் கண்ணாடியை விட்டு ஒரு பார்வை பார்ப்பார். போகிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "ஒத்தாசைக்கு நிக்கிற பிள்ளை" என்றுதான் என்னைச் சொல்வார். நான் என்ன படித்தேன் என்று ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அவர் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பல் சுத்தம் செய்ய வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பதினொரு மணிவாக்கில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு அண்ணாச்சி, தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு மனைவியோடு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் வீங்கி வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. தொட்டால் உடம்பு சுட்டது.

டாக்டருக்கு போன் செய்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே சொன்னார், "அத்தன தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கேல்லா. ஊசியப் போட்டு எடுத்து விடு."

"நான் எடுக்கக்கூடாது ஸார். வீக்கமும் காய்ச்சலுமா இருக்கு."

"கூடும் கூடாதுன்னு உங்கிட்ட யாரு கேட்டா? நான் சொல்லுதேன், எடு. அவங்ககிட்ட டாக்டர்னே சொல்லிக்கோ."

காலையில் அந்த அறையைக் கூட்டித் துடைத்த ஈரம்கூட என் கையில் காய்ந்திருக்கவில்லை. அதற்குள் நான் டாக்டராகிவிட்டேன். "முடியாது ஸார்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னேன். "நான் டாக்டர் இல்ல. பல்லு எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. இந்த வீக்கத்தோட இங்கன உக்காந்திருக்காதீங்க, நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவரால் பேச முடியவில்லை. மனைவிதான் பேசினார். "பொறவு எதுக்கு வெள்ளக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்க? போன மாசம் எனக்கு நீதான பல்ல சுரண்டுன?"

"அதுதான் என் படிப்பு. இது வேற."

"ஒண்ணுக்கும் ஆகாத படிப்பு" என்றார்.

அந்த நேரத்தில் அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல், வீக்கம், வாய் திறக்க முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அண்ணாச்சிதான் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் மூன்று பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் ஆரம்பித்தார். "வந்த ஆளை விரட்டி விட்டிருக்க. ஒன்ன மாதிரி டிப்ளமோக்காரிய ரோட்டுல நின்னு கூப்பிட்டா பத்து பேரு வருவா."

"கூப்பிட்டுக்கோங்க ஸார். எனக்கு அனுபவச் சான்றிதழ் எழுதித் தாங்க, போறேன்."

"கூட்டிப் பெருக்குனதுக்கா சர்டிபிகேட்?"

"கல்யாண வீட்டுல இருந்துக்கிட்டு என்னையப் பல்லு பிடுங்கச் சொன்னீங்கல்லா. அதையும் சேத்தே எழுதுங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சான்றிதழ் அன்றும் தரவில்லை, வேலையை விட்ட பிறகு மூன்று முறை போய்க் கேட்டும் தரவில்லை.

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. உள்ளூர் வேலையை வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று அவள் கோபம்.

ஒரு மாதம் கழித்து புளியங்குடி பஸ்ஸில் அண்ணாச்சியின் மனைவியைப் பார்த்தேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்களாம். சீழ் கழுத்துவரை இறங்கியிருந்ததாம். ஆறு நாள் படுக்கையில் இருந்துதான் வீடு திரும்பினாராம். "இத அன்னைக்கே வெவரமா சொல்லியிருக்கலாம்லா" என்றார். விவரமாகத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது திருநெல்வேலியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், ஈறு சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். தினமும் போகவர மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ். சான்றிதழ் இல்லாததால், நேற்றுப் படிப்பு முடித்த பிள்ளைகளோடு புதியவளாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள் எனக்கு சீனியர். அவள் சொல்வதைச் செய்கிறேன், வேலை நன்றாகவே நடக்கிறது. அந்த டாக்டர் மேல் உள்ள கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.