விருந்தாளிக்குக் கிடைக்காத புளியாணம்

பிராந்திய நிருபர் வேலையில் பாதி செய்தி அனுப்புவது. மறுபாதி, கொழும்பிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஊர் காட்டுவது. வெளியூர்ச் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே வாசியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

நான் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் கல்முனைக் கரையோரம் கொழும்புப் பத்திரிகையில் வந்ததெல்லாம் வெள்ளத்தோடும் யானையோடும் வீதி விபத்தோடும்தான். இம்முறை ஞாயிறு இதழில் ஒரு முழுப் பக்கம் தருவதாக ஆசிரியர் சொன்னார். வீடுகளில் அன்றாடம் சாப்பிடுவதைப் படத்தோடு எழுத வேண்டும். வியாழன் மாலைக்குள் படம் வராவிட்டால், பக்கம் வழக்கம்போலத் தென்னிலங்கைக் கரையோரத்துக்குப் போய்விடும். படம் எடுக்கச் சுரேஷை அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பாலன் ஊர் பார்க்கவென்று கூடவே தொற்றிக்கொண்டார். மூவரும் பழைய சிநேகிதர்கள்.

பஸார்க் கடை

செவ்வாய் பகல், கல்முனைப் பஸாரில் ஒரு கடைக்குப் போனோம். ஊர்ச் சாப்பாடு என்ன இருக்கிறது என்று பாலன் கேட்டார். பரிமாறுபவர் மூச்சு விடாமல் ஒப்புவித்தார்: பிரைட் ரைஸ், நாசி கோரெங், சீஸ் கொத்து, டொல்பின் கொத்து. கடைசியாகச் சொன்னதில் டொல்பின் கிடையாது என்று நான் விளக்கியும் சுரேஷின் முகம் தெளியவில்லை.

புளியாணம் இல்லையா என்று கேட்டேன். ஆணம் என்றால் எங்களூரில் கறி. புளியும் மிளகும் போட்டுத் தண்ணீராகக் கொதிக்க வைப்பது புளியாணம். அதோடு சுட்ட கருவாடும் கூனி இறால் சம்பலும் இருந்தால் எங்கள் வீடுகளில் யாரும் வேறு கேட்பதில்லை. அண்ணனைக் காக்கா என்றழைக்கும் ஊர் எங்களுடையது. பரிமாறுபவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன காக்கா, பொஞ்சாதியோட கோவமா? அது ஊட்டில ஆக்குற சாமான்தானே. அதுக்கு ஆரு கடைக்கி வாற?"

அட்டாளைச்சேனை அன்வர்

அன்று பின்னேரமே, அட்டாளைச்சேனையிலிருக்கும் கணித ஆசிரியர் அன்வரைத் தொலைபேசியில் பிடித்தேன். "இரவைக்கு வாறம். விசேஷமா ஒண்டும் வேணாம், நீங்க சாப்பிடுறதையே வைங்க" என்றேன். இந்த வசனத்தை எங்கள் பகுதியில் யாரும் சொன்னபடி எடுத்துக்கொள்வதில்லை. அன்வரும் எடுத்துக்கொள்ளவில்லை. புரியாணி, பொரித்த கோழி, அன்னாசி, வட்டிலப்பம், பெரிய போத்தல் சோடா என்று மேசையில் கை வைக்க இடமில்லை. சுரேஷ் கமெராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

கை கழுவும் சாட்டில் பாலன் குசினியை எட்டிப் பார்த்தார். அங்கே அன்வரின் வீட்டார் வட்டமாக இருந்து சிவப்பரிசிச் சோற்றில் புளியாணம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்களுக்கும் அதில கொஞ்சம் தாங்கோவன்" என்றார் பாலன். களவு பிடிபட்டவர்போல அன்வர் எழுந்து போய்க் குசினித் திரையை இழுத்து மூடினார்.

"அது எங்கட பாட்டுக்கு ஆக்கின. வந்தவங்களுக்கு அன்வர் கருவாடு வெச்சான் எண்டு நாளைக்கி ஊரு கதைக்கணுமா?"

வரிப்பத்தான்சேனை வயல்

வயலில் மறைக்கத் திரை இராது என்பது என் கணக்கு. புதன் மத்தியானம் வரிப்பத்தான்சேனையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்களுக்கான சோற்றுச் சட்டி அப்போதுதான் வாடிக் குடிசையில் வந்திறங்கியிருந்தது. நாங்கள் வரம்பில் ஏறியதைக் கண்ட வயற்காரர், முன்பின் அறியாத மனிதர், தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சட்டியை மூடினார். அடுத்த நிமிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இறக்காமத்துப் பக்கமாகப் பறந்தது.

முக்கால் மணி நேரத்தில் மூன்று பிரைட் ரைஸ் பார்சல் வந்தது, சோஸ் பக்கற்றோடு. அதற்குள் வேலையாட்கள் சட்டியைக் காலியாக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். விளைந்த வயலின் நடுவே, கடையில் வாங்கிய சோற்றோடு பாலனும் நானும் நிற்கச் சுரேஷ் கமெராவைத் தூக்கினார். வயற்காரருக்குப் பெரிய சந்தோஷம்.

"எடுங்க சேர், எடுங்க. பார்சல் நல்லாத் தெரியணும். வந்தாக்கள வெறும் வயித்தோட அனுப்பின எண்டு வரப்படா."

அறுகம்பே

அன்று மாலை அறுகம்பேயில், அசல் ஊர்ச் சாப்பாடு என்று ஆங்கிலத்தில் பலகை போட்ட ஓர் இடம். சிரட்டையில் சோறு, மேலே ஒரு செவ்வரத்தம்பூ. சுரேஷ் ஆசையாகப் படம் எடுத்தார். பாலன் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்ததை அழிக்கச் சொன்னார். உப்பில்லை, உறைப்பில்லை. சமையற்காரர் சாய்ந்தமருதுக்காரர் என்று தெரிந்ததும் நியாயம் கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை.

"வெள்ளக்காரனுக்கு ஆக்கி ஆக்கி, இப்ப எனக்கே உறைப்பு ஒத்துக்கொள்ளுதில்ல காக்கா."

மருதமுனை, வியாழன்

உன் வீட்டிலேயே எடுத்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் பகுதியில் வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை போய்க் குடியிருப்பார். நானும் அப்படி மருதமுனைக்குப் போனவன்தான். அடுப்பில் என்ன ஏறும் என்பது என் அதிகாரத்தில் இல்லை. திங்கட்கிழமையே மனைவி ஹபீபாவிடம் புளியாணம் கேட்டுப் பார்த்தேன். விருந்தாளிகள் வருகிறார்களென்று அவள் கோழிக்குச் சொல்லிவிட்டாள்.

வியாழன் காலை, வேறு வழியில்லாமல், சுரேஷுக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் வாய்க்கு எங்கள் பக்கத்தில் புளியாணம்தான் மருந்து. ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் வந்தது: குழைந்த சிவப்பரிசிச் சோறு, ஆவி பறக்கும் புளியாணம், சுட்ட கருவாடு, கூனிச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல். நோயில்லாத பாலனுக்கும் எனக்கும் கோழி. போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்த சுரேஷ், ஹபீபா சுடுதண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் படங்களை எடுத்து முடித்தார். பிறகு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார். காய்ச்சற்காரன் இவ்வளவு சாப்பிடுவானா என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன்.

ஞாயிறு முழுப் பக்கமும் வந்தது. படத்தின் கீழே, நிருபர் வீட்டு விருந்து என்று கொழும்பில் யாரோ சேர்த்திருந்தார்கள். காலையிலிருந்து ஹபீபாவின் தொலைபேசி ஓயவில்லை. பத்து மணிக்கு அவளுடைய தாத்தா, அதாவது மூத்த சகோதரி, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று விசாரித்து உரித்த கோழியொன்று அனுப்பினார். ஹபீபா பத்திரிகையை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"ஊடு என்ட பேருல, மானம் போனதும் என்ட பேருலதான். வந்தவனுக்குக் காச்சல் எண்டு ஒரு வரி எழுத ஏலாத நீங்க என்ன நிருபர்?"

ஆகவே, எங்கள் கரையோரத்துச் சாப்பாட்டை ருசி பார்க்க விரும்பும் நண்பர்கள் தயவுசெய்து சுகதேகியாக வர வேண்டாம்.