பெக்கின் சோப்பு நுரை

வட இங்கிலாந்தில் டீஸ் ஆற்றின் மேல்பகுதிப் பள்ளத்தாக்கில் ஜோசையா டாலன்டைரைக் கண்டால் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "பாத்துப் பேசுங்கப்பா, பிடிச்சு சீட்டுல ஒட்டிருவாரு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். ஜோசையாவுக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளங்கை அகலச் சீட்டுகளும் ஒரு மொட்டைப் பென்சிலும் அவர் கோட்டுப் பையில் எப்போதும் இருந்தன.

இளவயதில் ஈயச் சுரங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். சுரங்கம் படுத்தபோது பாதி ஊர் நிலக்கரிப் பக்கம் பிழைக்கப் போய்விட்டது. ஜோசையா போகவில்லை. ஊர்த் தபால் நிலையம் அவர் கைக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு தோறும் மெதடிஸ்ட் ஆலயத்தில் இரண்டாவது பெஞ்சில் உட்காருவார். மற்ற நாட்களில் தபாலுக்கு முத்திரை குத்துவார், மீதி நேரம் சொல் சேகரிப்பார்.

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இங்கிலாந்து முழுவதன் வட்டாரச் சொற்களையும் அகராதியாகத் தொகுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்த நாளில் பிடித்த பித்து அது. ஆட்டுக் காதில் போடும் அடையாளத்துக்கு என்ன சொல், பனி உறைந்த சேற்றுக்கு என்ன சொல் என்று கேட்டுக் கேட்டு எழுதி மாதம் ஒரு கட்டு அனுப்புவார். அங்கிருந்து வரும் நன்றிக் கடிதங்களை பைபிளுக்குள் வைத்திருந்தார்.

அவருக்கு மிகவும் பிடித்தவை பெக் பௌலரின் சொற்கள். ஆற்றுக்குள் இருக்கிறவள் பெக். பச்சைத் தலைமுடி, நீண்ட கை. கரையோரம் நிற்பவரின் கணுக்காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வாள். இந்தக் கதையை முழுசாகச் சொல்ல ஜோசையாவின் காலத்தில் ஆள் இல்லை. பாதிரிமார் சொல்லவிடவில்லை, பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். ஆனால் கதை போன இடத்தில் சொற்கள் தங்கிவிட்டன. தண்ணீர்மேல் மெல்லிசாகப் படரும் நுரையைப் 'பெக்கின் பாலாடை' என்றுதான் பால் கறக்கிற பெண்கள்கூடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது. உயிர் போன கதை, எலும்பு மட்டும் கிடக்கிறது, பொறுக்கி வைப்பது தன் கடமை என்று ஜோசையா நினைத்தார்.

1893 செப்டம்பரில் ஒரு மத்தியானம். அக்கரைப் பண்ணை ஒன்றுக்குக் கடிதம் இருந்தது. ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை, பதினேழு மிதிகற்கள்தான். ஜோசையா இறங்கி வந்தபோது முதல் கல்லருகே ரால்ஃப் கோல்தார்ட் நின்றிருந்தான். அந்தப் பண்ணைக்காரனே அவன். நாற்பது வயது, வாட்டசாட்டமான ஆள், ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்கவே மாட்டான். ஆட்டுக்குப் பூசும் மருந்து டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"நல்லதாப் போச்சு ரால்ஃப், உனக்குத்தான் கடுதாசி. எனக்கு நடை மிச்சம்."

ரால்ஃப் கடிதத்தை வாங்கித் தொப்பிக்குள் செருகிக்கொண்டான். பள்ளத்தாக்கில் நல்ல வெயில். மேற்கே மலைமுடி மட்டும் கறுத்துக் கிடந்தது. ஆற்றின் பழுப்புத் தண்ணீரில் கொத்துக் கொத்தாக வெள்ளை நுரை மிதந்து வந்தது.

"வர்றேன் போஸ்ட்மாஸ்டரே. பெக்கு சோப்புப் போட ஆரம்பிச்சுட்டா. நான் ஓடணும்" என்று முதல் கல்லில் ஒரு காலை வைத்தான்.

ஜோசையாவின் கை பைக்குள் போய்விட்டது. "இரு, இரு! என்ன சொன்ன? சோப்பா?"

"ஆமா. அந்தா வருதே, பெக்கோட சோப்பு நுரை."

"பாலாடைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

ரால்ஃப் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அது வேற, இது வேற. இத்தனை சொல்லு சேக்கற ஆளு நீங்க, இதுகூடத் தெரியாதா? பாலாடை மெல்லிசா படரும், அது சும்மா. இப்படிக் கட்டி கட்டியா வந்தாத்தான் சோப்பு. அவ மலை மேல உக்காந்து துணி வெளுக்கறா."

"உங்க அப்பாவும் இப்படித்தான் சொல்வாரா?"

"அப்பா, அவங்க அப்பா, எல்லாரும். துணியைத் துவைச்சுட்டு அழுக்குத் தண்ணியத் தொட்டியோட கவுத்துருவாளாம்." ரால்ஃப் கையை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். பேச்சு வராத மனிதனுக்கு அன்று பேச்சு வந்தது. ஜோசையா இன்னொரு சீட்டை எடுத்தார். பன்மையில்தான் சொல்வீர்களா, ஒருமையிலும் உண்டா என்று கேட்டார். ரால்ஃப் அதற்கும் யோசித்துப் பதில் சொன்னான். நடுவில் ஒரு தடவை மேற்கே பார்த்தான்.

"போதுமா? இப்பப் போகலாமா?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

ஜோசையா முழங்காலில் சீட்டை வைத்துத் தேதியை எழுதிக்கொண்டிருந்தார். வண்டிகள் பாலத்தில் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினார். மலையில் பெய்த மழைவெள்ளம் ஆள் உயரத்துக்கு ஒரே சுவராக வளைவைத் திரும்பி உருண்டு வந்தது. ரால்ஃப் பதினோராவது கல்லில் இருந்தான். திரும்பவில்லை, ஓடினான். பன்னிரண்டாவது கல்லில் அவனைக் காணோம். மருந்து டப்பா மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தது.

இரண்டு நாள் கழித்து மூன்று மைல் கீழே உடல் கிடைத்தது.

விசாரணை சத்திரத்தின் மாடி அறையில் நடந்தது. "இறந்தவரோடு பேசினீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"கடிதம் கொடுத்தேன். வணக்கம் சொன்னேன்" என்றார் ஜோசையா.

"பிறகு?"

"அவர் போய்விட்டார்."

அவ்வளவுதான் சொன்னார். ரால்ஃபின் மனைவி டைனா, கறுப்புச் சால்வையோடு சுவரோரம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அவர் செய்தார். அந்தச் சீட்டைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. சுத்தமாகப் பிரதியெடுத்து அந்த மாதக் கட்டோடு அனுப்பினார். 'மிக அரிய பதிவு' என்று பதில் வந்தது. அன்று படித்துவிட்டு அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு ஒரு சீட்டுகூட எழுதவில்லை. ஊரார் அவருக்கு வயதாகிவிட்டது என்றார்கள். டைனாவுக்குக் கடிதம் வந்தால் வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினார். ஆலயத்தில் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தால் இவர் வலப்பக்கம் மாறிக்கொண்டார். இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ காலையில் கோட்டை மாட்டினார். எத்தனையோ காலையில் திரும்ப ஆணியில் மாட்டினார். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

1904 கோடையில் அகராதியில் பெக் வரும் பகுதியின் பிரதி ஒன்று அவருக்கு வந்தது. பெக்கின் பெயரைத் தேடிப் பிடித்தார். ஒன்றரை வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, தபால் நிலையத்தைச் சாத்திக்கொண்டு, புத்தகத்தோடு கீழே இறங்கினார். தண்ணீர் வற்றிக் கிடந்தது. அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மிதிகற்களில் கால் வைத்துக் கடந்தார்.

டைனா நீளப் பிடி வாரியால் புல்லைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகளும் மருமகனும் வயலின் மறுகோடியில் இருந்தார்கள்.

"டைனா, ரால்ஃப் சாவு என்னாலதான். நான்தான் அவனை நிறுத்திப் பேச்சுக் கேட்டேன். அன்னிக்கு மறைச்சுட்டேன்."

அவள் வாரிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"இந்தா, இங்கதான் கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க குனிஞ்சு எழுதறதும் அவரு கையை ஆட்டி ஆட்டிச் சொல்றதும் தெரிஞ்சுது. வந்துடுங்க, வந்துடுங்கன்னு அவரைப் பாத்துக் கத்தினேன். கேக்கல."

"ஏன் விசாரணையில சொல்லல?"

"என்னை யாரு கேட்டா? அதுவும் போக, நீங்களே வந்து சொல்வீங்கன்னு நெனச்சேன். முதல் வருஷம் பூரா நெனச்சேன்."

"என்னை மன்னிச்சிடு, டைனா."

அவள் வாரியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்பவே வந்திருந்தீங்கன்னா நல்லா வைஞ்சிருப்பேன். கதவைச் சாத்தியிருப்பேன். அடுத்த வாரமே தெறந்தும் இருப்பேன். இப்ப வையறதுக்கும் ஒண்ணும் இல்ல, மன்னிக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல, ஐயா. எல்லாம் ஆறிப்போச்சு." பிறகு அவர் கையைப் பார்த்தாள். "அது என்ன புத்தகம்?"

சொன்னார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக்காட்டச் சொன்னாள். 'பெக் பௌலரின் சோப்பு நுரை: டீஸ் ஆற்றின்மேல் மிதக்கும் நுரை. பழைய மூடநம்பிக்கையிலிருந்து வந்த வழக்கு' என்று படித்தார்.

"அவரு பேரு இருக்கா?"

"இல்ல."

"கட்டியா வந்தா வெள்ளம் வருது, கரையேறிடணும்கறது, அது இருக்கா?"

"அதை நான் எழுதவே இல்ல, டைனா. எனக்கு அது கதையாத்தான் பட்டுது."

"கதைதான்" என்றாள். "ஆனா அதை நம்பித்தானே இங்க எல்லாரும் ஆத்தைத் தாண்டறோம்." மறுபடி வாரத் தொடங்கியபடி, "அவர்கிட்ட யாரும் எதையும் கேட்டதே இல்ல. அன்னிக்குக் கேட்டீங்க. அதான் நின்னுட்டாரு" என்றாள்.

மழை வரும் போலிருந்தது. மூலையில் இன்னொரு வாரி கிடந்தது. ஜோசையா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதை எடுத்தார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சாயங்காலம் வரை நாலு பேரும் புல்லைக் குவித்தார்கள். மகள் தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் கொண்டுவந்தாள். இன்னொரு நாள் வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் போகவில்லை.

அகராதிக்காரர்களுக்கு அவர் விவரமாக ஒரு கடிதம் எழுதினார். ரால்ஃபின் பெயரையும், கட்டி நுரைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சேர்க்கும்படி கேட்டார். அச்சாகிவிட்டதால் திருத்த இயலாது, மிகவும் வருந்துகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

1909 குளிர்காலத்தில் ஜோசையா நெஞ்சுச் சளியில் இறந்தார். அடக்க ஆராதனைக்கு டைனா ஆற்றைத் தாண்டி வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பாட்டுக்கு எழுந்தபோது சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.