கோலி சொன்ன கணக்கு

எழுபதுகளில் ஒரு ஞாயிறு. நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான டூங்கபியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் இருந்தார். குசினியில் சமைத்தபடி அவர் மனைவி. பிறகு டாக்டர், நான், டாக்டர் கூட்டி வந்த ஒரு நெட்டை மனிதர்.

யாழ்ப்பாணத்தில் தங்கள் கல்லூரிக்கு உதைபந்து ஆடியவர்களில் எவர் சிறந்த சென்டர் போர்வேட் என்று வாக்குவாதம். டாக்டர் தன் அண்ணன் என்றார். வீட்டுக்காரர் தான்தான் என்றார்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து கேக்கிறன். சாட்சிதான் இல்லை," என்றார் மனைவி.

நெட்டை மனிதர் கோணிப்போன சுண்டுவிரலைத் தடவியபடியே இருந்தார்.

"உங்களுக்கு எதிரா விளையாடின மற்றக் கல்லூரிக்கு நான்தான் கோலி, கோல் காக்க நிண்டனான். டாக்டரின்ர அண்ணர் எனக்கு ரெண்டு கோல் அடிச்சவர். இவர் ஏழு. இந்த விரலை முறிச்சதும் இவற்ர அடிதான்."

வீட்டுக்காரர் எழும்பி அவரைக் கட்டிப்பிடித்தார். மனைவி முதல் தட்டை அவருக்கே கொடுத்தார்.

தான் விட்ட கோல்களை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வேறொருவரை நான் பிறகு காணவில்லை. மொத்தம் ஒன்பது.