ஆயுத பூஜைக்குக் கழுவிய ஜல்லி

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியின் வாட்ச்மேனுக்கு அழுக்கென்றாலே ஆகாது. எங்காவது தூசியைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டால் தட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.

எங்கள் தின்னர் நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கள்ளிக்குப்பத்து ஜனங்கள் கம்பெனி கேட்டை மறித்திருந்தார்கள். அதற்காகத் தொட்டி கட்டி, ஜல்லி நிரப்பி, அதன்மேல் நுண்ணுயிர்ப் படலம் வளர்த்தேன். ஆலைக் காற்றை அடியிலிருந்து ஊதினால் அதிலிருக்கும் தின்னரை அந்தப் படலம் தின்றுவிடும். மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்தது. ஆயுத பூஜை முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சோதிக்க வருவதாக இருந்தது.

பூஜையன்று காலையில் போய்ப் பார்த்தால் ஜல்லி பளபளக்கிறது. தொட்டிக்குச் சந்தனப் பொட்டு வேறு. பக்கத்தில் துண்டும் கையுமாக வாட்ச்மேன்.

"இன்னா அழுக்கும்மா, கொழகொழன்னு. பிளீச்சிங் பவுடர் போட்டு தேச்சுட்டேன்."

"அதுக்கு உசுரு இருந்துச்சு அண்ணே. கழுவக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருந்தேனே?"

"அதையுந்தான் தொடச்சேன். இங்கிலீசுல கீது. எனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தாம்மா வரும்."

என் அப்பாவுக்கு அதுவும் வராது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். யாருக்காக அதை இங்கிலீஷில் எழுதினேனோ.

அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, கடைசி வாய்ப்பாக மூன்று மாதக் கெடு கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். போர்டையும் தமிழில் எழுதி மாட்டினேன். வாட்ச்மேன் தினமும் அதன் முன் நின்று, "கழுவக் கூடாது" என்று எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பார். பிறகு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்.

"மேல மட்டும் லேசா தொடச்சுக்கவாம்மா?"